எவரெஸ்ட் காட்டும் விமானத்தில் அம்மா அப்பாவை ஏற்றலாமா?

சேலத்துச் செல்வி
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது, அம்மாவுக்கு 61. ரொம்ப வருட ஆசை, முக்திநாத் யாத்திரை கிளம்புகிறார்கள். செப்டம்பர் மூன்றாவது வாரம், ஊரிலிருந்து முப்பது பேர் கொண்ட குழு. டூர்க்காரர் கொடுத்த தாளில் கடைசி வரி இப்படி இருக்கிறது: "விருப்பமுள்ளோருக்கு காத்மாண்டுவில் ஒரு மணி நேர எவரெஸ்ட் விமானம், தனிக் கட்டணம்." அப்பா அதே நிமிடம் பேனாவை எடுத்து டிக் போட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், கோயிலைவிட இதற்குத்தான் அதிகம் துள்ளுகிறார்.

நேற்று எதிர்வீட்டு மாமா வந்து தாளைப் பார்த்தார். "செப்டம்பர்லயா? திருச்சிக்காரங்க போன மாதிரியா?" என்று கேட்டுவிட்டு காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. அந்த விபத்தில் என்னதான் நடந்தது? இப்போது ஏற்றி அனுப்பலாமா, வேண்டாமா? பயணத் தேதியை மாற்ற டூர்க்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

மலைக்கோட்டை
உங்கள் எதிர்வீட்டு மாமா சொன்னது உண்மைதான் தங்கச்சி. 2011 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. புத்தா ஏர் நிறுவனத்தின் பீச்கிராஃப்ட் 1900டி என்ற சின்ன விமானம். பயணிகள் 16 பேர், ஊழியர்கள் 3 பேர். எவரெஸ்ட்டைக் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது, காத்மாண்டு விமான நிலையத்துக்குத் தெற்கே லலித்பூர் மாவட்டத்தில் கோட்டண்டா என்ற குன்றில் மோதிவிட்டது. காலை ஏழரை மணி வாக்கில். ஒருவரை மட்டும் உயிரோடு தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், அவரும் பிழைக்கவில்லை. இறந்த 19 பேரில் இந்தியர்கள் 10 பேர். அதில் 8 பேர் எங்கள் திருச்சிக்காரர்கள், எல்லாரும் கட்டுமானத் தொழிலில் இருந்தவர்கள்.

அப்போது நான் தில்லை நகர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட் வேலையில் சைட் சூப்பர்வைசர். ஞாயிறு என்பதால் பாதி ஆள்தான் வந்திருந்தார்கள். கம்பி கட்டுகிறவர் போனில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். ஒன்றும் புரியவில்லை. நேபாளத்தில் விழுந்த விமானத்துக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் கேட்டேன். மத்தியானத்துக்குள் ஒவ்வொரு பெயராக வந்தது. இந்த ஊரில் வீடு கட்டுகிற வட்டம் சின்னது. சிமெண்ட் கடை, செங்கல் சூளை, பிளம்பர் என்று எங்கே போனாலும் அந்த எட்டுப் பேரில் ஒருவரையாவது தெரிந்தவர்கள் இருந்தார்கள். மறுநாள் எங்கள் சைட்டில் தளம் போட வேண்டிய நாள். கலவை மிஷின் வாடகைக்கு வந்து நின்றது, யாரும் ஓட்டவில்லை. ஒரு நாள் வாடகை தண்டம், அதைப் பற்றி முதலாளியும் பேசவில்லை.

போகலாமா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் நிதானமாக யோசிக்க வராது.

காத்மாண்டு வாசி
ஆறு வருடம் அங்கே வேலை பார்த்தவன் நான். இந்த விமானத்தில் இரண்டு தடவை போயிருக்கிறேன். எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இருட்டோடு எழுந்து உள்நாட்டு முனையத்துக்குப் போக வேண்டும். காலையில்தான் மலை தெளிவாகத் தெரியும், வெயில் ஏற ஏற மேகம் மூடிவிடும். முதல் தடவை பனிமூட்டம். இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, கடைசியில் ரத்து என்றார்கள். அடுத்த நாள் வா, இல்லாவிட்டால் பணத்தை வாங்கிக்கொள் என்றார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் கவுண்டரில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மத்தியானம் அவர்களுக்கு ஊர் திரும்ப விமானம். "இவ்வளவு தூரம் வந்து பார்க்காம போறதா?"

இரண்டாவது தடவை கிடைத்தது. விமானம் கிழக்கே போகும்போது மலைகள் இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். எல்லாருக்கும் ஜன்னல் சீட்தான். மலைகளின் வரிசையைக் கோடாக வரைந்த தாள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். கௌரிசங்கர், சோ ஓயு என்று பெயர் பார்த்துப் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்கலாம். எவரெஸ்ட் பக்கம் வந்ததும் ஒவ்வொருவராக விமானி அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினார்கள். லோட்சே என்ற சிகரத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு முக்கோணம், அதன் தலையிலிருந்து பனி புகை மாதிரி கிழக்கே பறக்கிறது. எல்லாம் சேர்த்து அரை நிமிடம் நின்றிருப்பேன். அந்த அரை நிமிடத்துக்கு அந்தக் காசு தகும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் அப்பா துள்ளுவதில் தப்பு கிடையாது.

ஆனால் செப்டம்பர் மூன்றாவது வாரம் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே பருவமழை ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் கடைசி வரை இழுக்கும். 25ஆம் தேதிகூட மழைக்கால மேகம் கலையாத காலைதான்.

ஜாலி பாய்
விமானி டிபன் சாப்பிடப் போனதால்தான் விழுந்தது என்று படித்தேன். உங்க அப்பாவிடம் விமானிக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்து அனுப்புங்கள் 😄

மலைக்கோட்டை
தம்பி, எட்டு வீட்டில் எழவு விழுந்த கதை இது.

இழைக் காவலர்
ஜாலி பாய், இந்த இழையில் கிண்டல் வேண்டாம். அடுத்த பதிவும் இதே மாதிரி இருந்தால் எடுத்துவிடுவேன்.

பழைய ஸ்பேனர்
முப்பத்திரண்டு வருடம் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். ஜாலி பாய் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது, அதனால் விளக்கிவிடுகிறேன்.

நேபாள விசாரணைக் குழு மனிதத் தவறு என்றுதான் முடிவுக்கு வந்தது. கேப்டன் முந்தின நாள் பல தடவை பறந்தவர். வேறொரு விமானிக்குப் பதிலாகக் காலையில் வந்து ஏறியவர், போதிய ஓய்வு இல்லை. திரும்பும் வழியில் காலைச் சாப்பாட்டுக்காகக் கட்டுப்பாட்டைத் துணை விமானியிடம் கொடுத்திருந்தார். துணை விமானிக்கு அனுபவம் குறைவு. 6,000 அடியில் வர வேண்டிய விமானம் 5,000 அடிக்கு இறங்கி மேகத்துக்குள் போய்விட்டது.

இந்த இரண்டு எண்ணையும் மூன்றாவது ஒன்றோடு வைத்துப் பாருங்கள். காத்மாண்டு ஓடுதளமே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,390 அடி உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் 5,000 அடி என்பது ஓடுதளத்துக்கு மேல் 600 அடி மட்டும். சுற்றிலும் அதைவிட உயரமான மலைகள். தெற்கே இருக்கிற புல்சௌக்கி மட்டும் 2,700 மீட்டருக்கு மேல். அந்தப் பள்ளத்தாக்கே ஒரு கிண்ணம், விமான நிலையம் அதன் அடியில் இருக்கிறது. 5,000 அடியில் மேகத்துக்குள் நுழைந்தால் கிண்ணத்தின் ஓரம் எங்கே என்று கண்ணால் தெரியாது.

விமானத்தில் கோளாறு இல்லை. இரண்டு என்ஜினும் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல விமானம், விமானியின் கையில் இருக்கும்போதே மலையில் போய் மோதுவது. எங்கள் தொழிலில் இதற்கென்றே தனிப் பெயர் உண்டு, சின்ன விமானங்களின் விபத்துகளில் இது பழைய வியாதி. பெரும்பாலும் தொடக்கம் ஒன்றுதான்: கண்ணால் பார்த்து ஓட்ட வேண்டிய விமானம், பார்க்க முடியாத இடத்துக்குள் போகிறது. "இதோ அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும்" என்று நினைப்பார்கள். பல தடவை வந்தும் விடும். அதனால்தான் அடுத்த தடவையும் துணிகிறார்கள்.

டிபனுக்கு வருகிறேன். விமானி சாப்பிடக் கூடாதா? சாப்பிடலாம், உயரத்தில் நேராகப் பறக்கும்போது. 1974இல் அமெரிக்காவில் சார்லட் நகரில் இறங்கப் போன ஈஸ்டர்ன் விமானம் ஒன்று விழுந்தது. விமானிகள் அரசியல், பழைய கார் விற்பனை என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் கேட்டது. அதற்குப் பிறகு 1981இல் அங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள்: 10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தேவையில்லாத பேச்சோ செயலோ கூடாது. இறங்குகிற நேரம் இரண்டு மூளையும் வேண்டும். களைத்துப்போன ஆள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஏறினால் அவர் எப்போது சாப்பிடுவார்? அந்தக் கேள்வி டூட்டி போட்டவர்களிடம் போக வேண்டியது. அவரை ஒருவரை மட்டும் கூண்டில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

கணக்குப்பிள்ளை
எல்லாம் சரி சார். ஆனால் ஒரு விபத்தை வைத்து ஒரு தம்பதியைப் பயமுறுத்துகிறோமா என்று தோன்றுகிறது. சீசனில் தினமும் காலையில் இந்த விமானங்கள் பறக்கின்றன. நம் ஆட்கள் எத்தனையோ பேர் போய்ப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அதே நேபாளத்தில் பஸ்ஸில் போனால் பயமில்லையா? 2024 ஜூலையில் சிமல்தால் அருகே மண் சரிந்து இரண்டு பஸ்களை அப்படியே திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அதற்காக யாத்திரையை நிறுத்துகிறோமா?

காத்மாண்டு வாசி
@கணக்குப்பிள்ளை சாலை அங்கே மோசம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் சாலையும் விமானமும் மோசமாவது ஒரே மாதங்களில்தான். நீங்கள் சொன்னது ஜூலை. 2023 ஜூலை 11இல் எவரெஸ்ட் பக்கம் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிய மனாங் ஏர் ஹெலிகாப்டர் லாம்ஜுரா பக்கம் மலையில் மோதியது. மெக்சிகோவிலிருந்து வந்த ஐந்து பேரும் விமானியும் போனார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சுற்றிப் பார்க்கும் ஹெலிகாப்டர்களை அரசே நிறுத்தி வைத்தது. செல்வி கேட்பது "போகலாமா" என்பது மட்டும் இல்லை, "இந்த வாரத்தில் போகலாமா" என்பதும்தான்.

இன்னொன்று. எவரெஸ்ட் விமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். முக்திநாத் போக போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேட்டீர்களா செல்வி? என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது அதுதான். காளி கண்டகி பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி மலை, நடுவில் சின்ன விமானம். காலை கொஞ்சம் ஏறியதும் பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு வீசும், அதனால் காலையில் மட்டும்தான் பறப்பார்கள். 2012 மே மாதம் அக்னி ஏர் விமானம் ஜோம்சோமில் விழுந்து 21 பேரில் 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நம் நாட்டு யாத்ரீகர்கள். 2016இல் தாரா ஏர், 23 பேர். 2022 மே 29இல் மறுபடி தாரா ஏர், 22 பேர், அதில் ஒரே இந்தியக் குடும்பத்தில் நான்கு பேர். எல்லாம் அந்த ஒரே வழி.

சேலத்துச் செல்வி
ஐயோ, அந்தத் தாளில் "போக்ரா - ஜோம்சோம் (விமானம் / ஜீப்)" என்று போட்டிருக்கிறது. நடுவில் இருக்கிற அந்தச் சாய்கோட்டை நான் கவனிக்கவே இல்லை.

காத்மாண்டு வாசி
ஜீப் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க இடுப்பு ஒடியும், மழை நின்ற பிறகு போனால் ஓரளவு பரவாயில்லை. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மெதுவாக ஏறிப் போனால் வயதானவர்களுக்கு மூச்சுக்கும் நல்லது.

சியாட்டில் சிவா
இது நேபாளத்துக்கு மட்டும் உரிய கதை என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூன் 25இல் அலாஸ்காவில் கெச்சிகன் ஊரில், சொகுசுக் கப்பலில் வந்த 8 பேரை மலையும் ஃபியோர்டும் (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே வரும் கடல்) பார்க்க ஏற்றிக்கொண்டு போன மிதவை விமானம் பாறையில் மோதி, விமானியோடு 9 பேரும் இறந்தார்கள். மேகம், மழை. தண்ணீர் மேலாக வருகிற நீளமான வழி இருந்தும் மலைகளுக்கு நடுவே குறுக்கு வழியில் வந்தார். தரை நெருங்கினால் கத்துகிற கருவி இருந்தது, அதன் எச்சரிக்கையை அடக்கி வைத்திருந்தார்கள். அந்த ஊரில் எப்போதும் தாழப் பறப்பதால் அது ஓயாமல் கத்துமாம்.

அமெரிக்க விசாரணை வாரியம் விமானியின் முடிவைச் சொன்னதோடு நிற்கவில்லை. மோசமான வானிலையிலும் போய் வருவதைச் சாதாரணமாக்கிய நிறுவனத்தின் பழக்கத்தையும் காரணமாக எழுதியது. கப்பல் கிளம்புகிற நேரமும் அதில் பேசப்பட்டது. பயணிகளைக் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விட்டாக வேண்டும், கப்பல் காத்திருக்காது. காத்மாண்டு வாசி சொன்ன கவுண்டர் சண்டையைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நானே அங்கே போனபோது, மூன்று மணி நேரம் தாமதம் என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன்தான். என் மனைவி இதைப் படித்தால் ஆமாம் என்பாள்.

பழைய ஸ்பேனர்
சிவா சொன்னது ரொம்பச் சரி. நான் வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு தடவை டயரில் வெட்டு இருக்கிறது என்று விமானத்தை நிறுத்தி வைத்தேன். மாற்ற ஐம்பது நிமிடம். படிக்கட்டில் நின்ற ஒருத்தர் என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்ப் புகார் எழுதினார். மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "அடுத்த தடவை கொஞ்சம் பார்த்துப் பண்ணுய்யா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த தடவையும் நிறுத்தத்தான் செய்தேன், ஆனால் கை ஒரு நொடி தயங்கியது. பொய் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. "ஒரு விபத்தை வைத்து" என்றீர்கள். 1992இல் மட்டும் காத்மாண்டுவை நெருங்கும்போது இரண்டு பெரிய விமானங்கள் மலையில் மோதின. ஜூலையில் தாய் ஏர்வேஸ், 113 பேர். செப்டம்பர் 28இல் பாகிஸ்தான் விமானம், 167 பேர். 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்கள் அத்தனையும் தன் எல்லைக்குள் பறக்கத் தடை போட்டது. அங்கே விமான நிலையங்களை நடத்துவதும் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் ஒரே அமைப்பு, அதைப் பிரிக்கச் சொல்லிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. மாணவனே தன் பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி.

கணக்குப்பிள்ளை
சரி சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டவரை வீட்டில் பூட்டி வைப்பதும் சரியில்லை. போகிற மாதத்தை மாற்றலாம் என்பதுதான் என் கட்சியும்.

பாலிசி பரமு
காப்பீட்டு முகவர் நான், என் பங்குக்கு ஒன்று. காத்மாண்டுவில் ஏறி காத்மாண்டுவிலேயே இறங்குகிற விமானம் நேபாளத்தின் உள்நாட்டுப் பயணம். பன்னாட்டுப் பயணத்துக்கான பெரிய இழப்பீட்டுத் தொகைகள் அதற்குப் பொருந்தாது. உள்நாட்டு விமானத்தில் உயிர் போனால் குறைந்தபட்சம் 20,000 டாலர் என்பதுதான் அங்கே பல காலமாக இருந்த கணக்கு. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் தாளைத் திருப்பி, சிறு எழுத்தில் "வழக்கமான பயணிகள் விமானம்" மட்டுமா, சுற்றிப் பார்க்கும் விமானமும் ஹெலிகாப்டரும் சேர்த்தியா என்று பாருங்கள். பல பாலிசிகளில் இது தெளிவாக இருக்காது. மின்னஞ்சலில் கேட்டு பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் "கவர் ஆகும் மேடம்" என்பதெல்லாம் பின்னால் செல்லாது.

மலைக்கோட்டை
இந்த இழையைத் திறக்கவே வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்தேன். பழைய ஸ்பேனர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தோன்றியது. இத்தனை வருடமாக எங்கள் ஊரில் "இமயமலையில் மோதிவிட்டது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நானும் பனி மலை என்றே நினைத்திருந்தேன். அவர்கள் பனி மலையை எல்லாம் பார்த்து முடித்து, காமிராவை உள்ளே வைத்துவிட்டு, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே வயல், வீடு எல்லாம் தெரிகிற இடம். பச்சைமலை, கொல்லிமலை மாதிரி மரம் மூடிய ஒரு குன்று. ஏனோ அது தெரிந்த பிறகு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சேலத்துச் செல்வி
எல்லாருக்கும் நன்றி. மலைக்கோட்டை அண்ணா, உங்களைக் கிளறிவிட்டதற்கு மன்னியுங்கள்.

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். 5,000 அடி, 4,390 அடி கணக்கு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மின்வாரியத்தில் இருந்தவர், தாளில் கிண்ணம் மாதிரி வரைந்து உயரங்களைக் குறித்துக்கொண்டார். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நவம்பர்ல வேற குழு இருக்கான்னு கேளு" என்றார். டூர்க்காரரிடம் காலையில் பேசினேன். முதலில் முணுமுணுத்தார், அப்புறம் நவம்பர் குழுவில் இரண்டு இடம் இருக்கிறது, வித்தியாசத் தொகை கட்டுங்கள் என்றார். ஜோம்சோமுக்கு ஜீப்தான் என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். காத்மாண்டுவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறார்கள். முதல் நாள் மேகமாக இருந்தால் மறுநாள், அதுவும் இல்லாவிட்டால் வேண்டாம்.

காத்மாண்டு வாசி
நல்லது. விமானம் கிடைக்காவிட்டால் நகர்கோட் கூட்டிப் போகச் சொல்லுங்கள். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிற மேடு, காத்மாண்டுவிலிருந்து காரில் போய்விடலாம். நவம்பர் காலையில் மலை வரிசை முழுக்கத் தெரியும். எவரெஸ்ட் ஓரத்தில் ஒரு பல் மாதிரி சின்னதாக இருக்கும், காட்டுகிற ஆள் இல்லாவிட்டால் எது என்று தெரியாது. அப்பாவிடம் பைனாகுலர் இருந்தால் கொடுத்து விடுங்கள்.

சேலத்துச் செல்வி
இருக்கிறது, தாத்தாவுடையது, ஒரு பக்கம் மட்டும் தெரியும் 🙂

அம்மாவுக்கு இன்னொரு சந்தேகம். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு பயம் வந்து இறங்கிக்கொள்கிறேன் என்றால் விடுவார்களா, காசு திரும்ப வருமா என்று கேட்கிறார். அதைக் கேட்டு யாராவது சொல்லுங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் கேட்கச் சொல்லியிருக்கிறார்.